முஸாஃபிரா? முகீமா?

 

சென்ற ஆண்டு மே மாத விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் மலேசியாவுக்குச் சென்று வந்தோம். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "சுற்றுலா" என்றே சொன்னோம். கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி வினவியபோதும் அதே சொல்லைத்தான் சொன்னோம். வீட்டில் வயது முதிர்ந்த மாமியிடமும் அதையே சொன்னோம். சொன்னது பொய்யன்று. ஆயினும் உள்ளத்தில் இருந்ததை முழுமையாகச் சொல்லவும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, ஒரு வீடு பிடித்து, ஒரே கூரையின்கீழ் வாழ்வதற்கு அந்த நாடு ஏற்றதாக இருக்குமா என்று பார்க்கவே நாங்கள் போனோம்.

நம் சமுதாயத்தில் இன்று பல வீடுகளில் இந்தப் பேச்சு நடைபெறுகிறது. விடுமுறைக்கு வெளிநாடு செல்வோர் திரும்பி வரும்போது மிட்டாயுடன் வாடகை விவரங்களையும் கொண்டு வருகின்றனர். எங்களைப் போல் எண்ணுவோர் சிலருக்கேனும் பயன்படலாம் என்பதால், நாங்கள் கண்டதையும் கற்றதையும் ஒளிவின்றி எழுதுகிறோம்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டார் பதினான்கு ஆண்டுகள் சவூதி அரேபியாவில் கணக்கராகப் பணிபுரிந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. மூத்தவள் முதன்முதலாக நடந்தபோதும், இளையவன் அம்ம ஜுஸ்வை ஓதி முடித்தபோதும் அவர் தொலைபேசியில்தான் இருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் திரும்பி வந்தபோது, இனிப் பிரிந்து வாழ்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். ஊரில் நாங்கள் பெண்கள் மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்துகிறோம். அவர் ஒரு சிறிய கடை வைத்தார். வருமானம் அரைகுறையாக இருந்தது.

மகளின் மேற்படிப்பை எண்ணிச் சென்னையில் வீடு தேடினோம். ஒரு வீட்டில் முன்பணம் வரை பேசி முடித்த பின், பெயரைக் கேட்டதும் "வீட்டை உறவினருக்குக் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். இன்னொரு வீட்டில் அந்தச் சாக்குக்கூடச் சொல்லவில்லை. அன்றிரவு பேருந்தில் ஊர் திரும்பும்போது எங்கள் மகள், "வாப்பா, நம்மைப் பார்த்து முகம் சுளிக்காத ஊர் எங்கேயாவது இருக்குமா?" என்று கேட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளை. அவர் பதில் சொல்லவில்லை. விடிந்ததும், "மலேசியாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?" என்றார்.

மலேசியாவைத் தேர்ந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் முப்பது நாள்கள் வரை விசா இன்றி அங்கே சென்று வரலாம். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர் சென்றுவிடலாம். மக்கள்தொகையில் முஸ்லிம்கள் சுமார் 63 விழுக்காடு. எங்கள் கடற்கரையைப் போலவே அங்கும் ஷாஃபிஈ மத்ஹபே வழக்கில் உள்ளது. தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். எங்கள் வீட்டாரின் பெரியம்மா மகன் காக்கா இருபது ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

மொத்தம் பதினோரு இரவுகள். கோலாலம்பூரில் ஆறு, பினாங்கில் நான்கு, கடைசியாக மீண்டும் கோலாலம்பூரில் ஒன்று. முதல் நாள் ளுஹருக்கு உளூச் செய்தபோது இளையவன் கேட்டான்: "உம்மா, இங்கே நாம் முஸாஃபிரா? முகீமா?"

ஃபிக்ஹு படித்த பிள்ளைகளுக்கு விடை தெரியும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, வந்து சேர்ந்த நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி, ஓர் ஊரில் நான்கு நாள்கள் தங்குவதாக ஒருவர் எண்ணிவிட்டால் அவர் முகீம். தொழுகையைச் சுருக்க இயலாது. ஹனஃபீ மத்ஹபில் அதற்குப் பதினைந்து நாள்கள் வேண்டும். கோலாலம்பூரில் எங்களுக்கு முழுமையாக ஐந்து நாள்கள் இருந்தன. ஆகவே, "முகீம்தான், நான்கு ரக்அத் தொழு" என்றோம். பாடமாக எத்தனையோ முறை நடத்திய சட்டம்தான். ஆயினும் அன்று அதைச் சொன்னபோது, ஓர் ஊரில் ஒருவரைத் தங்கியவராக ஆக்குவது நாள்களின் எண்ணிக்கையோடு சேர்ந்த அவருடைய எண்ணமும்தான் என்பது புதிதாக மனத்தில் பட்டது.

கோலாலம்பூரில் நாங்கள் கோபுரங்களைப் பார்ப்பதற்கு ஒரு மாலையை மட்டுமே ஒதுக்கினோம். மற்ற நாள்களில் காலையில் சந்தைக்குப் போனோம். அரிசி, எண்ணெய், மீன் விலையைக் குறிப்பேட்டில் எழுதினோம். குடியிருப்புகளில் வாடகை கேட்டோம். மருத்துவமனைக்குச் சென்று, வெளிநாட்டவருக்குக் கட்டணம் எப்படி என்று விசாரித்தோம். வேலை முடியும் நேரத்தில் மின்தொடர் வண்டியில் ஏறி, அந்த நெரிசலில் தினமும் போய்வர முடியுமா என்று பார்த்தோம்.

உள்ளம் நெகிழ்ந்த இடங்கள் உண்டு. கிளாங், கோம்பாக் ஆகிய இரு ஆறுகளும் கூடும் இடத்தில் 1909இல் திறக்கப்பட்ட ஜாமிஉப் பள்ளிவாசலுக்கு அஸருக்குப் போனோம். பெண்களுக்கு விரிவான இடம், உளூச் செய்ய வசதி, அணிந்து தொழுவதற்குத் துவைத்து மடித்த வெண்ணிறத் தொழுகை அங்கிகள். எங்கள் ஊரில் பெண்களுக்குத் தனித் தைக்கா உண்டு. எனினும் பெரிய பள்ளிவாசலில் ஜமாஅத்தாகத் தொழுவது எங்கள் மகளுக்கு அதுவே முதல் முறை. ஸலாம் கொடுத்த பின்னும் அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த மலாய் மூதாட்டி ஒருவர் அவள் கையைப் பிடித்து முஸாஃபஹா செய்து, ஏதோ கேட்டார். மொழி புரியவில்லை. அவள் சிரித்தாள்; அவரும் சிரித்தார். வெளியே வந்ததும், "உம்மா, இந்த ஊர் போதும்" என்றாள்.

அதைக் கேட்டதும் முடிவே ஆகிவிட்டது போலிருந்தது. ஆனால் மறுநாளிலிருந்து கணக்குகள் வேறு விதமாகப் பேசின.

முதலில் பள்ளி. 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கிய நாடு அது. இன்றும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசின் ஆதரவுடன் இயங்குகின்றன. அதை நம்பியே சென்றோம். ஆனால் அவை தொடக்கப் பள்ளிகள். மேலும், வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் இடம் எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலோர் தனியார் சர்வதேசப் பள்ளிகளையே நாடுகின்றனர். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் இரு பிள்ளைகளுக்குமாக ஓர் ஆண்டுக்குக் கேட்ட தொகை, எங்கள் வீட்டாரின் ஓராண்டு வருமானத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

இரண்டாவது, தங்கும் உரிமை. "மலேசியா எனது இரண்டாவது இல்லம்" என்னும் அரசுத் திட்டத்தைப் பற்றி ஊரில் பலரும் பேசுகின்றனர். 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, அதன் வெள்ளிப் பிரிவுக்கே ஒன்றரை இலட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும். வீடும் வாங்க வேண்டும். வைப்புத்தொகை மட்டுமே அன்று நம் பணத்தில் ஒன்றேகால் கோடி ரூபாயளவில் வந்தது. செல்வந்தர்களுக்கான வாசல் அது. எங்களைப் போன்றோருக்கு முறையான வேலை அனுமதியே வழி. அதையும் வேலை கொடுப்பவர்தான் விண்ணப்பித்துப் பெற வேண்டும். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் குடியுரிமை என்பது மிக அரிது. இரட்டைக் குடியுரிமையை இந்தியாவும் ஏற்பதில்லை, மலேசியாவும் ஏற்பதில்லை.

மூன்றாவது, எங்கள் பணி. இதைத்தான் நாங்கள் சற்றும் எதிர்பார்க்கவில்லை. "குர்ஆன் ஓதிக்கொடுக்கத் தெரியும், ஃபிக்ஹு நடத்தத் தெரியும், எங்கு போனாலும் இரண்டு பிள்ளைகள் வந்து உட்கார மாட்டார்களா?" என்று எண்ணியிருந்தோம். அங்கே மார்க்கக் கல்வி போதிக்க மாநிலச் சமய அமைப்பின் அனுமதி வேண்டும். 'தவ்லியா' என்று அதை அழைக்கின்றனர். அனுமதி இன்றி வகுப்பு நடத்துவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். தவறான போதனைகள் பரவக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது; நியாயமானதும்கூட. ஆனால் இருபது ஆண்டுகளாக எங்களுக்கு அடையாளமாக இருந்த பணி, ஒரு முஸ்லிம் நாட்டிலே போய்க் கைவிட்டுப்போகும் என்பதை விழுங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. இங்கே திண்ணையில் அமர்ந்து, யாரிடமும் கேளாமல் அலிஃப், பே சொல்லிக்கொடுக்கிறோமே, அது ஓர் உரிமை என்று அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஐந்தாம் நாள் ஒரு வாசல் திறந்தது. மஸ்ஜித் இந்தியா பகுதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் காக்கா எங்களை அழைத்துச் சென்றார். எங்கள் வீட்டாரின் அனுபவத்தைக் கேட்டுவிட்டு, கணக்கர் வேலை தருவதாக அவர் சொன்னார். சம்பளம் குறைவில்லை. தேநீர் வந்தது, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சட்டைத் துணி வந்தது. இறுதியில் நிபந்தனையும் வந்தது.

"அனுமதியெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பயணியாக வாருங்கள், வேலையைத் தொடங்குங்கள். முப்பது நாள் முடிவதற்குள் ஒருமுறை வெளியே போய்விட்டுத் திரும்பி வாருங்கள். இங்கே பலரும் அப்படித்தான் இருக்கிறார்கள்."

வழியெல்லாம் எங்கள் வீட்டார் பேசவில்லை. அன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின் இருவரும் நெடுநேரம் விழித்திருந்தோம். "சம்பளம் ஹலால்தானே? கணக்கு எழுதுவதில் என்ன பாவம்?" என்று அவர் கேட்டார். வாதிடுவதற்காக அவர் கேட்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் பிரிந்திருந்த மனிதர், சேர்ந்து வாழ ஒரு வழி தெரிந்தபோது கேட்கிறார்.

எங்களுக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. ஸஹீஹுல் புகாரீயின் முதல் ஹதீஸை எத்தனை மாணவியருக்கு மனனம் செய்வித்திருக்கிறோம்! நிய்யத்தைப் பற்றிய அந்த ஹதீஸ், எடுத்துக்காட்டாக ஹிஜ்ரத்தையே கூறுகிறது: ஊரைவிட்டுப் புறப்படும் இருவரின் பாதை ஒன்றாக இருக்கலாம், எதற்காகப் புறப்பட்டார்களோ அதுவே அவர்களுக்குக் கிடைக்கும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு கட்டளையிட்டே ஸூரத்துல் மாயிதா தொடங்குகிறது. விமான நிலையத்தில் அதிகாரியின் முன் நின்று, பயணியாக வருகிறோம் என்று சொல்லிக் கடவுச்சீட்டில் முத்திரை பெறுவதும் ஓர் ஒப்பந்தம்தான். ஊரைப் பார்ப்பதும் விசாரிப்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். வேலை செய்வது அடங்காது.

இதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் கழித்து, "முதல் சம்பளத்திலிருந்தே ஒளிந்து வாழ்கிற வீட்டில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?" என்றார். மறுநாள் காலை, முறையான அனுமதி கிடைத்தால் வருவதாகக் கடைக்காரருக்குச் செய்தி அனுப்பினார். "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அதன்பின் இன்றுவரை வேறு பதில் இல்லை.

பினாங்குக்கு இரயிலில் போய், பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகில் ஜார்ஜ் டவுன் சேர்ந்தோம். 2008 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள நகரம். ஒரே தெருவில் புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் இன் கோயில், 1801இல் காதர் மொஹிதீன் அவர்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பக்கத்துத் தெருவில் மாரியம்மன் கோயில். சற்று நடந்தால் சூலியா தெருவில் நாகூர் ஷாஹுல் ஹமீது அண்ணல் பெயரில் அமைந்த தர்கா. சூலியர் என்று அந்நாளில் அழைக்கப்பட்டவர்கள் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள்தாம். தோளில் காவடித்தண்டு போட்டுச் சோறும் கறியும் சுமந்து விற்றவர்கள் விட்டுச்சென்ற பெயர்தான் இன்று மலேசியா முழுவதும் உண்ணப்படும் நாசி கண்டார்.

பினாங்கில் எங்களுக்கு முழுமையாக மூன்று நாள்களே இருந்தன. "இங்கே முஸாஃபிர்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். நம் முன்னோர் வந்து வேரூன்றிய ஊரில் நாங்கள் பயணிகள்! ஆயினும் கப்பித்தான் கெலிங் பள்ளியில் இஷாவை நான்கு ரக்அத்தாகவே தொழுதோம். முகீமான இமாமைப் பின்பற்றும் முஸாஃபிர் முழுமையாகத்தானே தொழ வேண்டும்!

தொழுகைக்குப் பின் ஒரு முதியவள் எங்களிடம் தமிழில் பேசினார். அவருடைய வாப்புச்சா எங்கள் இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவராம். தமிழ் வந்தது, இடையிடையே மலாய்ச் சொற்கள் கலந்தன. நாங்கள் வீடு பார்க்கும் செய்தியை அவரிடம் மறைக்கவில்லை. ஊர் பேர் தெரியாதவரிடம் உண்மையைச் சொல்வது எளிதாக இருந்தது.

"எங்க வாப்புச்சா காசு சேர்த்துக்கிட்டு ஊருக்குத் திரும்பிடலாம்னுதான் வந்தாங்க. வாப்பாவும் அப்படித்தான் சொன்னாங்க. நாங்க இங்கேயே பிறந்தோம்; இது எங்க ஊரு. ஆனா ரெண்டு தலைமுறைக்கு மனசு ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. அதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க" என்றார். பின்பு, "ஜும்ஆப் பள்ளிக்குப் பக்கத்துல நல்ல தண்ணிக் கிணறு ஒண்ணு இருக்குன்னு வாப்பா சொல்வாங்க. இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அவர் எங்கள் ஊரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் ஓர் உணவகத்தில் பரிமாறிய இளைஞன் எங்கள் பேச்சைக் கேட்டு, எந்த ஊர் என்று வினவினான். எங்கள் மாவட்டத்துப் பிள்ளை. வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றனவாம். கடவுச்சீட்டு முதலாளியிடம் இருக்கிறதாம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோதும் போக முடியவில்லையாம். எங்கள் வீட்டார் அவனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம் இளமையைப் பார்த்திருப்பார் போலும். "ராத்தா, லீவுக்கு வந்து பார்த்தா எல்லா ஊரும் நல்லாத்தான் தெரியும். வேலைக்கு வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேசைக்கு ஓடினான்.

அந்தப் பிள்ளையின் சொல் எங்களுடன் ஊருக்கு வந்தது. விருந்தினருக்கு மூன்று நாள் உபசாரம் என்று நம் மார்க்கம் கற்பித்திருக்கிறது. விடுமுறைக்குச் செல்பவர் ஓர் ஊரின் அந்த மூன்று நாள் முகத்தைத்தான் பார்க்கிறார். நான்காம் நாள் முகத்தைக் காண வேண்டுமானால், அங்கே உழைப்பவரிடமும், நோயுற்றுக் கிடந்தவரிடமும், மையித்தை அடக்கியவரிடமும் கேட்க வேண்டும்.

இடம்பெயர்வது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. அல்லாஹ்வின் பூமி விசாலமானது என்பதைத் திருமறை நினைவூட்டுகிறது. மக்காவில் துன்பம் பெருகியபோது ஒரு கூட்டத்தாரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் அனுப்பியது அபிசீனியாவுக்கு. அங்கிருந்த மன்னர் கிறித்தவர், ஆனால் நீதியாளர். நீதி எங்கே கிடைக்கும் என்பதே அன்று பார்க்கப்பட்டது. மதீனாவுக்குச் சென்ற பின்னும் நிலை எளிதாக இருக்கவில்லை. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் விழுந்தனர். மக்காவின் நினைவில் உருகினர். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள், மக்காவைப் போன்று மதீனாவையும் தங்களுக்கு விருப்பமானதாக ஆக்குமாறு துஆச் செய்தார்கள். ஊர் ஏக்கம் ஈமானின் குறையாகக் கருதப்படவில்லை. புதிய ஊரின்மீது அன்பு தானாக வருவதில்லை, கேட்டுப் பெற வேண்டியது என்பதை இதிலிருந்து நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

இனி, நாங்கள் மிகவும் நாணிய செய்தியைச் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்த அன்று மாமி வாசலில் அமர்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. சாமான்களை இறக்கி, பிள்ளைகள் முத்தமிட்டு முடித்த பின், "வீடு பார்த்தாச்சா?" என்றார்.

யாருக்கும் வாய் எழவில்லை.

"பிள்ளைங்க பள்ளிக்கூடச் சான்றிதழை எல்லாம் எடுத்துக்கிட்டு யாராவது ஊர் சுத்திப் பார்க்கப் போவாங்களா?" என்றார். கோபம் இல்லை. பிறகு தம் வாப்பாவைப் பற்றிச் சொன்னார். ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1942இல் குண்டு விழுந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு, காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். "எங்க வாப்பா போனாங்க, வந்தாங்க. உன் மாமனார் கொழும்புக்குப் போனாங்க, வந்தாங்க. இவன் சவூதிக்குப் போனான், வந்தான். போறதுக்கு நான் என்னைக்காவது குறுக்கே நின்னேனா? சொல்லிட்டுப் போங்க வாப்பா. சொல்லாமப் போனாத்தான், திரும்பி வரமாட்டீங்களோன்னு மனசு அடிச்சுக்குது."

பதினோரு இரவுகள் அவர் அந்த நினைப்புடன் தனியாக உறங்கியிருக்கிறார். குடிநுழைவு அதிகாரியிடம் சொல் தவறக் கூடாது என்று நள்ளிரவில் மார்க்கம் பேசினோமே, பெற்றவரிடம் உள்ளத்தை மறைத்ததை அந்த இரவில் நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. இஸ்திகாரா தொழுதோம், ஆனால் மஷூரா செய்ய வேண்டியவரை விட்டுவிட்டோம். அவருக்கு வருத்தம் வரக் கூடாதென்று மறைத்ததாகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில், அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. அன்றிரவே அவரிடம் மன்னிப்புக் கேட்டு, துணிக்கடை முதல் தவ்லியா வரை எல்லாவற்றையும் சொன்னோம்.

இப்போது எங்கள் நிலை இதுதான். போவதென்றும் முடிவு செய்யவில்லை. போவதில்லை என்றும் முடிவு செய்யவில்லை. முறையான வேலை அனுமதி கிடைத்தால், அல்லாஹ் நாடினால், மீண்டும் யோசிப்போம். அதுவரை வீட்டார் கடையுடன் இரண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறார். சென்னையில் வீடு தேடுவதையும் விட்டுவிடவில்லை. முகம் சுளித்தவர் இருவர் என்பதற்காக ஒரு நகரத்தையே வெறுத்துவிட இயலாது. எங்கள் மகள் இப்போது இஷாவுக்கு மாமியுடன் தைக்காவுக்குப் போகிறாள். கோலாலம்பூரிலிருந்து வாங்கி வந்த வெண்ணிற அங்கியைத்தான் அணிகிறாள்.

எங்களைப் போல் விடுமுறையை ஒட்டி வெளிநாட்டில் ஊர் பார்க்க எண்ணும் சகோதர, சகோதரிகளுக்குச் சில சொற்கள்:

எதைவிட்டுப் போக விரும்புகிறீர்கள் என்பதையும், எதைத் தேடிப் போகிறீர்கள் என்பதையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். முதல் பட்டியல் மட்டும் நீளமாக இருந்தால், இன்னும் சற்றுப் பொறுங்கள்.

தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் அந்நாட்டுச் சட்டம் தரும் அனுமதியைப் பயணத்துக்கு முன்பே விசாரியுங்கள். "பலரும் அப்படித்தான் இருக்கிறார்கள்" என்பதை நம்பி ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் இறக்காதீர்கள்.

பள்ளிவாசலின் அழகைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தின் கட்டணத்தையும் பாருங்கள். வீட்டுப் பெண்களுக்கு அங்கே என்ன பணி, யார் துணை என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஊரில் யாரை விட்டுச்செல்கிறீர்களோ, அவரிடம் முதலில் பேசுங்கள். கடைசியில் அல்ல.

சென்ற வாரம் மாமி எங்களை அழைத்து, "எனக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுங்க" என்றார். ஹஜ்ஜுக்குச் சென்று வந்தபோது எடுத்தது காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எதற்கு என்று கேட்டோம். "நீங்க குடியேறப் போற ஊரை நானும் பார்க்க வேணாமா? எனக்குப் பிடிக்கலேன்னா அங்கேயே சொல்லிடுவேன்" என்றார். நேற்று நிழற்படம் எடுக்கச் சென்றோம். முக்காடு சரியாக இருக்கிறதா என்று நான்கு முறை கேட்டார்.

எங்கிருந்தாலும் குடும்பங்களைப் பிரியாமல் வைத்து, ஹலாலான வாழ்வாதாரத்தைத் தந்து, நாம் வாழும் ஊரை நமக்கும் நம்மை அந்த ஊராருக்கும் பிரியமானவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.